இன்டீரியருக்கு 5 லட்சம் பெர்சனல் லோன் போடலாமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா பண்ணிக்கலாமா?

மேடவாக்கம்_மாடிவீடு:
வணக்கம் மக்களே. மேடவாக்கத்துல 2 பிஹெச்கே, மூணாவது மாடி, தை பொறந்ததும் பால் காய்ச்சலாம்னு இருக்கோம். கைல இருக்கறது 4 லட்சம். இன்டீரியர் கம்பெனி ஒண்ணு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 9 லட்சம் கொட்டேஷன் குடுத்திருக்கு, மாடுலர் கிச்சன், ரெண்டு வார்ட்ரோப், டிவி யூனிட், பூஜை யூனிட், ஹால்ல ஃபால்ஸ் சீலிங். மீதிக்கு பெர்சனல் லோன் போட்டு மொத்தமா முடிச்சுட்டே குடி போலாம்ங்கறாங்க வீட்ல. அப்பா என்னடான்னா பீரோவும் கட்டிலும் இருந்தா போதும்டாங்கறார். என்ன பண்ணலாம்?

அம்பத்தூர்_அக்கா:
தம்பி லோன் மட்டும் வேணாம்பா. 5 லட்சத்துக்கு 14 சதவீதம், அஞ்சு வருஷம்னு வச்சுக்கோ, மாசம் 11,634 ரூபா கட்டணும், வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 2 லட்சம். அந்தக் காசுல ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாமே வந்துடும். ஏற்கனவே வீட்டு லோன் ஓடுது, அதுக்கு மேல ஃபால்ஸ் சீலிங்குக்கு வட்டி கட்டணுமா?

போரூர்_பையன்:
அக்கா சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். குடி போனப்புறம் கார்பெண்டர உள்ள விட்டுப் பாருங்க, மரத்தூள், பெவிகால் நாத்தம், டிரில் சத்தம், சின்னப் புள்ள இருக்கற வீட்ல என்ன பாடுன்னு தெரியும். அப்பார்ட்மென்ட்ல சாயந்தரத்துக்கு மேல டிரில் போடக் கூடாது, ஞாயித்துக்கிழமை வேலையே கூடாதுன்னு அசோசியேஷன் வேற சொல்லும். அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்ட நிறைய வீட்ல அஞ்சு வருஷமாகியும் பரணுக்கு கதவு வரல. லோன்தான் பிரச்சனைன்னா பெர்சனல் லோன விட்டுட்டு வீட்டு லோன்லயே டாப்அப், அதாவது ஓடற லோன் மேலயே கூடுதல் கடன் கேளுங்க, வட்டி நல்லாவே கம்மியா இருக்கும். சோபாவுக்கு நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு.

அம்பத்தூர்_அக்கா:
டாப்அப் சரிப்பா, ஆனா அத வீட்டு லோன் மாதிரியே பதினஞ்சு வருஷத்துக்கு இழுத்தா வட்டி கம்மின்னு சொன்னதுக்கு அர்த்தமே இல்ல. நோ காஸ்ட்ங்கறதயும் நம்பாத, ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் பேங்கே 2013ல சொல்லிடுச்சு. மொத்தப் பணம் குடுத்தா கிடைக்கற டிஸ்கவுண்ட் போயிடும், பிராசஸிங் ஃபீஸ் வரும், கார்டுல போட்டா வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும்.
தூசி வர்ற வேலைய மட்டும் முன்னாடி முடிச்சிடணும், அதுல போரூர் தம்பி சொல்றது சரிதான். கிச்சன், பரண் கதவு, பெட்ரூம் வார்ட்ரோப், எலக்ட்ரிக்கல் பாயிண்ட், பெயிண்ட் இவ்ளோதான். சோபா, டைனிங் டேபிள், டிவி யூனிட் எல்லாம் நம்ம குடி போய் ஆறு மாசம் உக்காந்து பார்த்தப்புறம் வாங்கற பொருள், வெயில் எந்தப் பக்கம் அடிக்குது, ஃபேன் காத்து எங்க வருதுன்னு அப்பத்தான் தெரியும்.

மரத்தச்சன்_வில்லிவாக்கம்:
நான் தொழில்ல இருக்கேன், ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். அந்த 9 லட்சத்துல என்ன போர்டுன்னு எழுதிருக்கா? சிங்க்குக்கு அடியில பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூள அமுக்கிச் செஞ்ச பலகை போட்டா ஒரு சின்ன லீக் போதும், சென்னை ஈரக்காத்துக்கு ஊதிப் போயிடும், ஸ்க்ரூ புடிக்காது, கதவு தொங்கிடும். கிச்சனுக்கு ஐஎஸ் 710 முத்திரை இருக்கற மரைன் ப்ளை, வார்ட்ரோப்புக்கு ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் (கொதி தண்ணி தாங்கற ப்ளை), பாடிக்கு, அதாவது அலமாரியோட கூட்டுக்கு 18 எம்எம், இத கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. 7க்கு 8 வார்ட்ரோப்னா 56 சதுர அடி, சதுர அடிக்கு 50 ரூபா ஏத்தினா கூட 2,800தான் வித்தியாசம், அதுக்காக போர்ட குறைக்காதீங்க, காசு குறைக்கணும்னா மேல ஒட்டற லேமினேட் ஷீட் டிசைன்ல குறைங்க. அப்புறம், கிச்சன்ல மேஸ்திரி கடப்பா கல்லு தட்டு வச்சிருந்தார்னா தயவு செஞ்சு இடிக்காதீங்க. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கரையான் வராது, முன்னாடி ஃப்ரேமும் கதவும் போட்டா போதும், பாதி செலவு மிச்சம். சிடன்ஹாம்ஸ் ரோட்டுல ப்ளைய நீங்களே வாங்கிட்டு கூலிக்கு மட்டும் ஆள் வைக்கலாம்.

போரூர்_பையன்:
அண்ணே, கூலிக்கு ஆள் வச்சா அட்வான்ஸ் வாங்கிட்டு அடுத்த சைட்டுக்குப் போயிடறாங்களே, போன் எடுக்கறதே இல்ல. கம்பெனின்னா வாரண்டி இருக்கு, தேதி இருக்கு, கேக்க ஒரு ஆள் இருக்கு. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல யாரு பகல் பூரா நின்னு பாக்கறது? தள்ளிப்போனா மாசா மாசம் வாடகையும் கட்டணும், இஎம்ஐயும் கட்டணும். அதையும் கணக்குல சேருங்க.

மரத்தச்சன்_வில்லிவாக்கம்:
நியாயம்தான் தம்பி, அப்படி ஆளுங்க இருக்காங்க. அதனாலதான் வேலைக்குத் தகுந்த மாதிரி பணம் குடுக்கணும்: பாடி நின்னதும் ஒரு பங்கு, லேமினேட் ஒட்டினதும் ஒரு பங்கு, கதவு எல்லாம் சரியா மூடுதான்னு பாத்தப்புறம் கடைசிப் பங்கு. கம்பெனிகிட்டயும் இதே மாதிரி பேசுங்க. வாரண்டி பேப்பர்ல தண்ணியால வர்ற சேதம் சேராதுன்னு சின்ன எழுத்துல இருக்கும், படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

மேடவாக்கம்_மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. கடப்பா தட்டு இருக்கு, கம்பெனிக்காரங்க அத எடுத்துடணும்னு சொல்லிருந்தாங்க, இப்ப வேணாம்னு சொல்லிட்டேன். ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், பூஜை யூனிட் மூணையும் எடுத்துட்டு புது கொட்டேஷன் கேட்டிருக்கேன், 4 லட்சத்தத் தாண்டினா ரெண்டாவது ரூமுக்கு அப்பா சொன்ன பீரோதான்.

போரூர்_பையன்:
ஃபால்ஸ் சீலிங் பின்னாடி போடறதா இருந்தா ஒயரிங்க இப்பவே இழுத்து வைங்க பாஸ், இல்லன்னா செவுத்த திரும்ப உடைக்கணும்.

அம்பத்தூர்_அக்கா:
ஸ்கிரீன் துணிக்கு எக்மோர் பாந்தியன் ரோடு போப்பா, ஜன்னல் அளவு எடுத்துட்டுப் போ, மீட்டர் கணக்குல வாங்கி தெரு டெய்லர்கிட்ட தைக்கக் குடு.