புள்ளியியல் வடிவமைப்பு ஆய்வில் இடைவெளி ஒருமுறைகூட எதிர்மறையாக வரவில்லை. பட்டறையிலோ சர்க்கிளிப் இறங்கவில்லை

கேள்வி

வணக்கம். கிரியோ பாராமெட்ரிக் மென்பொருளின் பிஹேவியரல் மாடலிங் வசதியில், ஒரு ஷாஃப்ட் அசெம்பிளிக்கான புள்ளியியல் வடிவமைப்பு ஆய்வை (அளவுகளைத் தற்செயலாக மாற்றி மாடலைப் பலமுறை கட்டிப் பார்க்கும் ஆய்வு) முதன்முறையாக நடத்தியிருக்கிறேன். அதன் முடிவும் பட்டறையில் நடப்பதும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் தங்கள் உதவியை நாடுகிறேன்.

20 மி.மீ. ஷாஃப்ட்டின் தோளில் (விட்டம் கூடும் படியில்) 6204 எண் பேரிங், அதன் மேல் ஒரு ஸ்பேசர், அதற்கும் மேல் 1.2 மி.மீ. தடிமனுள்ள சர்க்கிளிப் (க்ரூ எனும் பள்ளத்தில் இறங்கி மற்றவற்றை நகராமல் பிடிக்கும் வளையம்) என்ற வரிசையில் அடுக்கியிருக்கிறோம். தோளிலிருந்து க்ரூவின் வெளிச்சுவர் வரை உள்ள நீளம் 21.20 ± 0.10. பேரிங்கின் அகலம் 14.00, அதில் 0.12 வரை குறையலாம். ஸ்பேசர் 6.00 ± 0.05. சர்க்கிளிப்பின் தடிமன் 0.06 வரை குறையலாம். பேரிங்குக்கும் சர்க்கிளிப்புக்கும் டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட மாறுபாடு) ஒரு பக்கமே இருப்பதால், அவற்றின் சராசரியை முறையே 13.94 என்றும் 1.17 என்றும் நடுவில் வைத்தேன். அதன்படி சர்க்கிளிப்புக்கும் க்ரூவின் வெளிச்சுவருக்கும் இடையிலான இடைவெளியின் சராசரி 0.09 ஆக இருக்க வேண்டும்.

நான்கு அளவுகளுக்கும் நார்மல் பரவலை (சராசரியைச் சுற்றி மணி வடிவில் குவிவது) தேர்ந்து, திட்ட விலகலாக 0.10, 0.06, 0.05, 0.03 ஆகியவற்றைக் கொடுத்து 1000 மாதிரிகள் ஓட்டினேன். சர்க்கிளிப்பின் வெளிமுகத்துக்கும் க்ரூவின் வெளிச்சுவருக்கும் இடையிலான தூரத்தை அளக்கும் அனாலிசிஸ் ஃபீச்சர்தான் ஆய்வின் விடை. கிடைத்தவை: சராசரி 0.128, திட்ட விலகல் 0.093, சிறுமம் 0.005, பெருமம் 0.49. 23 மாதிரிகள் ரீஜெனரேட் ஆகாமல் (புதிய அளவுகளில் மாடல் மீண்டும் உருவாகாமல்) தோல்வி என்று பதிவாயின. மீதியுள்ள 977 மாதிரிகளில் ஒன்றில்கூட உரசல் இல்லை. ஆனால் சோதனைக்காகச் செய்த 40 அசெம்பிளிகளில் இரண்டில் சர்க்கிளிப் க்ரூவுக்குள் இறங்கவே இல்லை. ஆய்வை நம்புவதா, பட்டறையை நம்புவதா என்று தெரியவில்லை.

மறுமொழி 1 (டாலரன்ஸ் பகுப்பாய்வு செய்பவர்)

பட்டறையை நம்புங்கள். தாங்கள் எண்களை முழுமையாகத் தந்திருப்பதால் மாடலைத் திறக்காமலேயே பிழையைத் தேட முடிகிறது.

முதலில் பெருமத்தைப் பாருங்கள். நான்கு டாலரன்ஸ்களையும் அப்படியே கூட்டினால் ± 0.24 வருகிறது. எல்லா உதிரிகளும் வரைபட வரம்புக்குள் இருக்கும்வரை இடைவெளி −0.15 முதல் 0.33 வரைதான் செல்ல முடியும். ஆய்வு 0.49 என்று காட்டுகிறதென்றால், வரைபடம் அனுமதிக்காத உதிரிகளை அது உருவாக்கியிருக்கிறது. ± 0.10 என்பது எல்லை. தாங்கள் அதையே திட்ட விலகலாகக் கொடுத்துவிட்டீர்கள். அப்படிக் கொடுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு உதிரி வரம்புக்கு வெளியே விழும். எல்லையை 3 சிக்மாவாக (மூன்று திட்ட விலகலாக) கொள்வது வழக்கம் என்பதால் 0.033, 0.020, 0.017, 0.010 என்று கொடுக்க வேண்டும்.

இனிச் சிறுமத்துக்கு வருவோம். திட்ட விலகல் இவ்வளவு பெரிதாக இருந்திருந்தால், கணக்குப்படி நான்கில் ஒரு மாதிரியாவது எதிர்மறை இடைவெளியைத் தந்திருக்க வேண்டும். ஒன்றும் வராததற்குக் காரணம், இரண்டு முகங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கருவிக்குக் குறி தெரியாது என்பதே. சர்க்கிளிப் சுவருக்குள் 0.04 புகுந்து நின்றாலும் அது 0.04 என்றுதான் சொல்லும். எதிர்ப்பக்கம் விழ வேண்டிய மாதிரிகளெல்லாம் பூச்சியத்தில் மடிந்து நேர்ப்பக்கம் வந்து சேர்ந்துகொள்வதால்தான், 0.09 ஆக இருக்க வேண்டிய சராசரி 0.128 ஆக உயர்ந்திருக்கிறது. ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் இடது ஓரம் சுவரில் மோதியதுபோல் செங்குத்தாக நிற்கும்.

இதைத் திருத்த எளிய வழி ஒன்று உண்டு. இடைவெளியை நேரடியாக அளக்காதீர்கள். தோளிலிருந்து க்ரூவின் வெளிச்சுவர் வரை ஓர் அளவும், அதே தோளிலிருந்து சர்க்கிளிப்பின் வெளிமுகம் வரை மற்றோர் அளவும் எடுங்கள். இரண்டுமே 21 மி.மீ.க்கு அருகில் இருப்பதால் அவை ஒருபோதும் பூச்சியத்தைத் தொடப்போவதில்லை. பிறகு ரிலேஷனில் (மாடலுக்குள் எழுதும் சூத்திரத்தில்) முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, அந்தப் பாராமீட்டரையே ஆய்வின் விடையாகத் தேர்ந்தெடுங்கள். சர்க்கிளிப் ஸ்பேசரின் முகத்தோடு பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். க்ரூவின் சுவரோடு பொருத்தியிருந்தால் இடைவெளி வேறிடத்துக்குப் போய்விடும், தாங்கள் அளப்பது எப்போதும் பூச்சியமாகவே இருக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருபவை தோல்வியடைந்த அந்த 23 மாதிரிகள். அவற்றின் உள்ளீட்டு அளவுகளை எடுத்து இடைவெளியைக் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். தோல்விகள் எங்கும் சிதறியிருந்தால் பெரிய கேடில்லை. ஒரே இடத்தில் குவிந்திருந்தால், நாம் அறிய விரும்பும் மாதிரிகளையே ஆய்வு விட்டுவிட்டது என்று பொருள்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. 23 மாதிரிகளையும் கணக்கிட்டேன். எல்லாவற்றிலும் இடைவெளி −0.005 க்கும் 0.005 க்கும் இடையில் இருக்கிறது. இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அளந்த தூரத்தையே தடிமனாகக் கொண்ட ஒரு சிவப்பு வளையத்தை அசெம்பிளியில் வைத்திருந்தேன். தடிமன் மாடலின் துல்லிய வரம்புக்கும் கீழே போகும்போது அந்த வளையத்தை உருவாக்க முடியாமல் ரீஜெனரேஷன் நின்றிருக்கிறது. சிறுமம் 0.005 என்று வந்ததற்கும் அதுவே காரணம்.

வளையத்தை நீக்கி, திட்ட விலகல்களைத் திருத்தி, தாங்கள் சொன்னபடி இரண்டு அளவுகளைக் கழித்து மீண்டும் ஓட்டினேன். இப்போது சராசரி 0.089, திட்ட விலகல் 0.044, சிறுமம் −0.05, பெருமம் 0.23. எந்த மாதிரியும் தோல்வியடையவில்லை. 1000 இல் 21 மாதிரிகளில் இடைவெளி எதிர்மறையாக இருக்கிறது. இந்த 21 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மறுமொழி 1

நான்கு டாலரன்ஸ்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.130, அதை மூன்றால் வகுத்தால் 0.0435. தங்கள் 0.044 அதனோடு ஒத்துப்போகிறது. சராசரி பூச்சியத்திலிருந்து 2.07 சிக்மா தொலைவில் இருப்பதால் எதிர்மறை வாய்ப்பு 1.9 விழுக்காடு. 1000 மாதிரிகளில் இந்த எண்ணிக்கை தற்செயலாகவே 10 முதல் 28 வரை ஏறி இறங்கும். ஆகவே 21 என்பது நல்ல விடைதான், ஆனால் அந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதிட முடியாது. 10,000 மாதிரிகள் ஓட்டினால் அந்த ஊசலாட்டம் 0.3 விழுக்காட்டுக்குள் அடங்கும்.

ஒரே நேர்கோட்டில் நான்கு அளவுகள் கூடிக் கழியும் இந்தக் கணக்குக்கு ஒரு விரிதாளே போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோணமும் வளைவும் கலந்து, அளவுக்கும் விடைக்கும் இடையே நேரான உறவு இல்லாத இடத்தில்தான் மாடலை ஆயிரம் முறை ரீஜெனரேட் செய்வதற்குப் பொருள் உண்டு. இருந்தாலும், விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கில் ஆய்வைச் சரிபார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மறுமொழி 2 (உற்பத்திப் பிரிவில் பணியாற்றுபவர்)

மேலே உள்ள கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. உள்ளீட்டில்தான் ஒரு கேள்வி. ஸ்பேசரின் சராசரி 6.00 என்று யார் சொன்னது? கடைசலில் ஃபேசிங் செய்பவர் (முனை முகத்தைக் கடைபவர்) நீளத்தைக் கூடுதல் பக்கமே நிறுத்துவார். நீளம் கூடினால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம், குறைந்தால் அந்த உதிரியைக் கழித்துப் போட வேண்டும். எங்கள் பட்டறையில் மைக்ரோமீட்டரை வைத்து அளக்கும்போதெல்லாம் இதைக் காண்கிறேன்.

சராசரி 6.02 ஆனால் இடைவெளியின் சராசரி 0.07 ஆகக் குறைந்து, எதிர்மறை வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். தங்கள் 40 இல் 2 என்பதும் 5 விழுக்காடுதான். இரண்டு உதிரிகளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றாலும், அளந்து பார்ப்பதற்கு அது போதுமான காரணம். பேரிங்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரே தொகுதியில் வாங்கிய பேரிங்குகள் 0.12 முழுவதிலும் பரவியிருக்காமல், குறுகிய பட்டையில் ஒரு பக்கமாக நிற்கலாம். ஒவ்வொன்றிலும் 30 எடுத்து அளந்து, அந்தச் சராசரியையும் திட்ட விலகலையும் ஆய்வில் கொடுங்கள்.

அளவுகள் கைக்கு வரும்வரை நான்குக்கும் சீரான பரவலை (வரம்புக்குள் எல்லா மதிப்புக்கும் ஒரே வாய்ப்பு) வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதிர்மறை ஏறத்தாழ 12 விழுக்காடு வரும். உற்பத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது, நார்மல் பரவலை எடுத்துக்கொண்டு 2 விழுக்காடு என்று அறிக்கை எழுதுவது சரியல்ல என்பது என் கருத்து.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கையிருப்பில் இருந்த 12 ஸ்பேசர்களை உடனே அளந்தேன். ஒன்றுகூட 6.00 க்குக் கீழே இல்லை, சராசரி 6.021. அந்தச் சராசரியோடு க்ரூவின் தூரத்தை 21.30 ± 0.10 ஆக மாற்றி, திரைக்காட்சியைக் குறைத்து வைத்து இரவு முழுவதும் 10,000 மாதிரிகள் ஓட்டினேன். எதிர்மறை ஒன்றும் இல்லை. எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அச்சுவழி ஆட்டம் (அதாவது இந்த இடைவெளி) 0.40 என்பதால் மேல் பக்கமும் இடம் இருக்கிறது. வரைபடத் திருத்தத்தை ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன். பேரிங்குகளில் 30 அளந்து முடித்ததும் அந்தப் பரவலோடு ஆய்வை மீண்டும் ஓட்டி, முடிவை இதே இழையில் பதிகிறேன்.