கேவிஎம் ஹோஸ்ட்: இசட்எஃப்எஸ்ஸிலேயே தொடரலாமா, எல்விஎம் தின்னுக்கு (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்ப ஒதுக்கும் முறை) மாறலாமா?

டெபியன் 12 லினக்ஸ், கேவிஎம் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் வசதி), இசட்எஃப்எஸ் (டிஸ்க் சேமிப்பை நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) மிரர். ரேம் 64 ஜிபி. தலா 16 ஜிபியில் 3 விஎம்கள். பேக்கப் ஓடும்போது ஏதாவது ஒரு விஎம் பொசுக்கென்று நின்றுவிடும். கர்னல் லாக்கில் பார்த்தால் ஓஓஎம் கில்லரின் (ரேம் தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்தும் கர்னல் வசதி) வேலை.

கணக்குதான் இடித்தது. விஎம்களுக்கு 48, ஆர்க் கேஷ் (டிஸ்க்கில் படித்ததை இசட்எஃப்எஸ் ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) இயல்பாகவே பாதி ரேம் வரை, அதாவது 32. மொத்தம் 80! ஆர்க் ரேமை விட்டுக்கொடுக்கும்தான், ஆனால் அவசரத்துக்கு உடனே கொடுக்காது.

ஆர்க் வரம்பை 8 ஜிபி (8589934592 பைட்) ஆக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் ரேமில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு) புதுப்பித்தாயிற்று. ரூட்டும் இசட்எஃப்எஸ் என்பதால், அதைப் புதுப்பிக்காவிட்டால் ரீபூட்டில் பழைய அளவே வரும். இப்போது விஎம் விழுவதில்லை. டிஸ்க் ரீட் மட்டும் மந்தம்.

வரம்பை 10 ஆக்கினால் ஹோஸ்டுக்கு மிஞ்சும் 6 ஜிபி போதுமா? ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைப்பது) கட்டாயம் வேண்டும். எல்விஎம் தின்னில் மெட்டாடேட்டா (எந்தத் தரவு எங்கே என்ற குறிப்பு) இடம் நிரம்பினால் பூலே, அதாவது மொத்தச் சேமிப்பிடமே, முடங்கும், அதனால்தான் தயக்கம். இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.