அப்பாவுக்கு 74 வயது, பிஎஸ்ஏ 6.4: பயாப்ஸி எடுக்கணுமா?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
போன வாரம் பாளையங்கோட்டையில் அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தோம். எல்லாம் சரி, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கிற பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் மட்டும் 6.4 என்று நட்சத்திரம் போட்டு வந்திருக்கிறது. 4-க்குள் இருக்கணுமாம். லேபில் இருந்தவரே "உடனே சதை எடுத்து பயாப்ஸி பாருங்க" என்கிறார். வேறு தொந்தரவு இல்லை. அப்பா ரிப்போர்ட்டை மடித்து மஞ்சப்பையில் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

பேட்டை மாப்பிள்ளை:
தள்ளிப்போடாதீங்க அண்ணாச்சி, உடனே எடுங்க. எங்க சித்தப்பா இடுப்புவலி என்று ஒரு வருஷம் தைலம் தேய்த்தார். ஸ்கேன் எடுத்தபோது எலும்பு வரைக்கும் பரவியிருந்தது.

தாமிரபரணி:
டெஸ்ட் எடுத்ததே தப்பு என்பேன். 70 ஆனவர்களுக்கு பிஎஸ்ஏ வைத்துப் புற்றுநோய் தேட வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. நம் அரசுத் திட்டத்திலும் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்குத்தான் புற்றுநோய்ப் பரிசோதனை. சுரப்பி வீங்கினாலும் பிஎஸ்ஏ ஏறும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். பேக்கேஜ் விற்கிறவர்களுக்குப் பட்டியல் நீளமாக இருக்கணும், அவ்வளவுதான்.

பேட்டை மாப்பிள்ளை:
அமெரிக்காக்காரன் கணக்கு நமக்கு எதுக்கு? நம்ம ஊரில் முற்றின பிறகுதானே ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள்!

தாமிரபரணி:
உங்க சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் வலி இருந்ததே, அதைக் கவனிக்காதது வேறு. ஒன்றுமில்லாதவரிடம் நோயைத் தேடுவது வேறு. பிரிட்டனில் புரோடெக்ட் என்ற ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களை ஆபரேஷன், கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2023-ல் வந்த 15 வருஷ முடிவில், எந்தப் பிரிவிலும் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவுதான். என் மாமனாருக்கு ஆபரேஷன் பண்ணினார்கள். வேட்டி நனைந்துவிடும் என்று இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பக்கமே வரமாட்டார்.

பேட்டை மாப்பிள்ளை:
அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 50 முதல் 69 வயதுக்காரர்கள், அதுவும் வெளியே பரவாத நோய். இவருக்கு எந்த வகை என்று பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க?

ஓபி சிஸ்டர்:
ஒன்று யாருமே கேட்கவில்லையே. அப்பா மூத்திரத்துக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
ஆமா சிஸ்டர், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார் என்று ரெண்டு வருஷமாக. அட்டையில் டாம்சுலோசின், டூட்டாஸ்டரைடு என்று போட்டிருக்கிறது.

ஓபி சிஸ்டர்:
அப்ப கதையே வேற. சுரப்பி வீக்கத்தைக் குறைக்கிற டூட்டாஸ்டரைடை ஆறு மாசத்துக்கு மேல் சாப்பிட்டால் அது பிஎஸ்ஏவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். உங்க 6.4-ஐ 13 பக்கம் என்று படிக்கணும். லேபில் சொன்னதை விடுங்க. அந்த அட்டையோடு யூராலஜி டாக்டரிடம் போங்க. விரலால் சோதிப்பார், சிறுநீர் டெஸ்ட், திரும்ப ஒரு பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ. ஊசி போட்டுச் சதை எடுப்பது அப்புறம்தான். மாத்திரை தொடங்கும் முன் எடுத்த ரிப்போர்ட் இருக்கா?

தாமிரபரணி:
மாத்திரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இவர் நான் சொன்ன கணக்கில் வரமாட்டார், பார்க்கட்டும். ஆனால் பயாப்ஸியில் ஏதும் வந்தாலும் உடனே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீங்க.

பேட்டை மாப்பிள்ளை:
இதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்றேன்.

தாமிரபரணி:
இல்லை, நீங்கள் சொன்னது "உடனே எடுங்க".

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
பீரோவில் பழைய சீட்டு கிடைத்தது. மாத்திரைக்கு முன்னால் 5.1. திங்கட்கிழமை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மடை திறந்து கெடக்கு, செவ்வாய்க்கிழமை வாரேன்" என்கிறார் அப்பா.