வீட்டுக் கல்வியில் தமிழ் நூல்களை நாளின் நடுவில் வைப்பது எப்படி?

கேள்வி: திருமங்கலம் வாசகி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் திருமங்கலத்தில் வசிக்கிறோம்; கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். ஒன்பது வயது மகளுக்கும் ஆறு வயது மகனுக்கும் வீட்டிலேயே நான் கல்வி கற்பிக்கிறேன். பாடநூலும் பயிற்சித்தாளும் எங்கள் வீட்டில் குறைவு. ஒரு பொருளில் உண்மையான ஈடுபாடு கொண்டவர்கள் எழுதிய முழு நூல்களை நான் சத்தமாக வாசிப்பதும், ஒருமுறை கேட்டதைப் பிள்ளைகள் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்வதுமே எங்கள் நாளின் பெரும்பகுதி. இங்கிலாந்தில் வாழ்ந்த கிறிஸ்தவக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வகுத்த முறையைத்தான் பின்பற்றுகிறோம்.

காலையில் குடும்ப ஜெபம், ஒரு கீர்த்தனை, வேதாகமத்தில் ஓர் அதிகாரம். காலை உணவுக்குப் பிறகு கணக்கு. அதன்பின் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மிகாத சிறு பாடங்களாக வரலாறு, இயற்கை, வாழ்க்கை வரலாறு என்று ஒவ்வொரு நூலிலும் சில பக்கங்கள் வாசிக்கிறோம். மதியத்துக்குப் பின் பிள்ளைகள் வெளியே சுற்றலாம், பார்த்ததை வரையலாம். இரவில் ஒரு நெடுங்கதை. இந்த ஒழுங்கு எங்களுக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது. இதை விட்டுவிடும் எண்ணம் இல்லை.

ஆனால் இம்முறைக்கான நூற்பட்டியல்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொகுக்கப்பட்டவை என்பதால், எங்கள் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள். வீட்டில் பேசுவது முழுக்கத் தமிழ்தான். ஆயினும் ஆங்கிலத்தில் பெரிய கதைநூலைத் தானே வாசித்து முடிக்கும் மகள், உசிலம்பட்டியிலிருந்து வரும் அப்பத்தா ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். தமிழுக்கென்று தனியாக ஒரு வகுப்பு வைத்து இலக்கணப் பயிற்சி கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மற்ற நூல்களைப் போலவே தமிழ் நூல்களும் நாளின் நடுவில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எந்த நேரத்தில், எந்த நூல்களை, எந்த வரிசையில் வாசிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பசுமலை அக்கா

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம். எங்கள் பிள்ளைகள் மூவரும் வீட்டிலேயே படித்தவர்கள். மூத்தவள் இப்போது கல்லூரிக்குச் செல்கிறாள்.

உங்கள் மகள் தமிழ் பேசுகிறாள், ஆனால் வாசிக்கத் தடுமாறுகிறாள் என்றால், அதற்கு முதற்காரணம் எழுத்துகள் அல்ல என்று நான் நினைக்கிறேன். நாம் வீட்டில் பேசும் மதுரைத் தமிழுக்கும் நூலில் அச்சாகும் தமிழுக்கும் இடையே உள்ள தொலைவு பெரியது. ஒரு வாக்கியத்தின் பாதியைக் கேட்டவுடன் மீதி எப்படி முடியும் என்று முன்கூட்டியே உணரும் காது இருந்தால்தான் கண் வேகமாக ஓடும். ஆங்கில நூல்களை ஆண்டுக்கணக்கில் நீங்கள் சத்தமாக வாசித்ததால் அந்தக் காது அவளுக்கு ஆங்கிலத்தில் அமைந்துவிட்டது. எழுத்துத் தமிழை அவள் காது அந்த அளவுக்குக் கேட்டால் தமிழிலும் அது அமையும். ஆகவே அவள் கையில் தமிழ் நூலைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதற்கு முன், நீங்கள் அவளுக்கு நிறைய வாசித்துக் காட்டுங்கள்.

அதற்கு ஏற்ற நேரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குடும்ப ஜெபத்தில் வாசிக்கும் ஓர் அதிகாரத்தை ஜெபத்துக்குரியது என்று மட்டும் வைத்துக்கொள்ளாமல், அன்றைய முதல் தமிழ்ப் பாடமாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஆதியாகமம் 37 முதல் 50 வரையுள்ள யோசேப்பின் வரலாற்றில் தொடங்கினோம். சகோதரர்களின் பொறாமை, சிறைச்சாலை, சொப்பனங்கள், பஞ்சம், தகப்பனோடு மீண்டும் சேர்தல் என்று தொடர்கதையாகவே செல்வதால் பிள்ளைகள் மறுநாளைக்குக் காத்திருந்தார்கள். பிறகு நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்தின் சரித்திரம், அடுத்து சாமுவேல், சுவிசேஷங்களில் மிகச் சுருக்கமான மாற்கு என்று போனோம். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஓர் அதிகாரம் என்று வைத்து, அதில் சில வசனங்களை மட்டும் மூத்தவளை வாசிக்கச் சொன்னோம்.

வாசித்து முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவள் பேச்சுத் தமிழில் சொன்னால் இடைமறித்துத் திருத்தாதீர்கள். இது மிகவும் முக்கியம். என் மூத்தவள் பல மாதங்கள் முழுக்கப் பேச்சுவழக்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னர் நூலில் கேட்ட வாக்கியங்கள் தாமாகவே அவள் வாயில் வரத் தொடங்கின. பத்து வயதுக்குப் பிறகு, சொன்னதை எழுதச் சொன்னபோது, எழுத்துத் தமிழ் அவளுக்கு அந்நியமாக இருக்கவில்லை. சத்தமாக வாசிப்பதும் திருப்பிச் சொல்வதும் ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தும் முறைகள் அல்ல. பேச்சும் எழுத்தும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழிக்கு அவை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

இயற்கைக் குறிப்பேட்டையும் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். மைனா, கரிச்சான், செம்போத்து, ஆவாரம்பூ, எருக்கு ஆகியவை உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஆங்கிலப் பெயர் எழுத வேண்டிய தேவை என்ன? மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி மலைக்கு ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வல்லூறுகளும் உண்டு, பாறையில் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உண்டு. அங்கே உட்கார்ந்து 104ஆம் சங்கீதத்தை வாசித்தோம். மலைகளும் ஓடைகளும் பறவைகளும் வரிசையாக வரும் அந்தச் சங்கீதத்தைப் பிள்ளைகள் அதன் பிறகு தாங்களாகவே கேட்டு வாசித்தார்கள்.

பதில் 2: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், செல்லூர்

பசுமலைச் சகோதரி காதைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வேதாகமத்தை மட்டுமே தமிழ் வாசிப்பின் அடித்தளமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பின் நடை நமக்கு அருமையானது, ஆராதனையோடு பிணைந்தது. ஆயினும் அதன் வாக்கிய அமைப்பும் வடசொற்களும் ஒரு காலத்துக்கு உரியவை. அதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை ஜெபிக்கும்போது அழகாகப் பேசும். ஒரு நாளிதழ்க் கட்டுரையை வாசிக்கும்போது திணறும். வேண்டுமானால் அதே பகுதியை 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் வாசித்துக் காட்டுங்கள். ஒரே செய்தி இரண்டு நடைகளில் வருவதைப் பிள்ளைகள் கூர்ந்து கவனிப்பார்கள்.

அதைவிட முக்கியமானது, கிறிஸ்தவ நூல், பிற நூல் என்று தமிழை இரண்டாகப் பிரித்துவிடாமல் இருப்பது. குறளையும் பிற அறநூல்களையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கும் பெற்றோரைச் சபையில் பார்த்திருக்கிறேன். மதுரை மிஷனில் ஊழியம் செய்த வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். ஜி.யூ. போப் 1886இல் குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், 1900இல் திருவாசகத்தின் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். நற்செய்தி சொல்ல வந்தவர்களே இந்த நூல்களை ஆண்டுக்கணக்காகக் கற்றார்கள் என்றால், இந்த மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அவற்றை மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வரிசை கேட்டீர்கள். ஒன்பது வயதுக்கு முதலில் தேவை, நாட்டுப்புறக் கதைகளும், இக்காலச் சிறார் எழுத்தாளர்களின் எளிய உரைநடையும், அழ. வள்ளியப்பாவின் பாடல்களும். பொருளறிவுக்குப் பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 10 தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருக்கிறது. செய்திகள் சில பழையனவாகிவிட்டாலும், சிறுவருக்காக அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதுவது எப்படி என்பதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதை ஒட்டி உ.வே. சாமிநாதையரின் தன்வரலாற்றில் சில பகுதிகளை வாசியுங்கள். ஏடு தேடி அலைந்த ஒரு மனிதரின் வாழ்க்கை, நூல்களையே நடுவில் வைத்திருக்கும் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை வாசிக்கும்போது உணர்வீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஆங்கிலப் பட்டியலில் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதை கட்டாயம் இருக்கும். 1678இல் வெளிவந்த அந்தக் கதையைத் தழுவி, நெல்லைச் சீமையில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியம் 1894இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவை ஏற்றவர் அவர். கதையை மகள் முன்பே அறிந்திருப்பாள் என்பதால் செய்யுளைக் கண்டு மிரள மாட்டாள். காப்பியம் முழுவதும் இப்போது வேண்டாம். அதிலுள்ள தேவாரப் பாடல்களில் ஒன்றிரண்டை வாய்விட்டுப் பாடி மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் இப்படியொரு செல்வம் இருந்தும், ஞாயிறு பள்ளியில்கூட அதன் பெயர் காதில் விழாமல் அவர்கள் வளர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நூல்களை எல்லாம் விலைகொடுத்து வாங்க வேண்டாம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. வாரம் ஒருமுறை அழைத்து வந்து, நூலை அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பழைய நூல்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் போதும்.

பதில் 3: வாடிப்பட்டித் தகப்பன்

வாசிப்பைப் பற்றி மேலே இருவரும் சொன்னதற்கு மேல் என்னிடம் அதிகம் இல்லை. தேர்வு என்ற கோணத்திலும் தமிழைப் பார்க்க வேண்டியிருப்பதால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மகன் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பு நிலையை முடித்தான். அதில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்களில் குறைந்தது ஒன்று மொழிப்பாடமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தமிழைத் தவிர்த்துவிடவும் முடியும் என்பதால், பல வீட்டுக் கல்விக் குடும்பங்கள் அப்படியே செய்துவிடுகின்றன. நீங்கள் தமிழையும் எடுக்கவைப்பது நல்லது. அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் இப்போது பத்தாம் வகுப்புத் தரத்தில் கட்டாயத் தமிழ்த் தகுதித்தாள் இருக்கிறது. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. பதினான்கு வயதில் தொடங்கிச் சமாளிக்கக்கூடிய வேலையாக இது இல்லை. ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் கைக்குப் பழக, இப்போதிருந்தே தினமும் நான்கைந்து வரிகள் சொல்வதெழுதுதல் வையுங்கள். அன்று வாசித்த பகுதியிலிருந்தே வரிகளை எடுங்கள். தனியாக ஒரு பயிற்சிநூல் தேவைப்படாது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றைப் பாடமாக நடத்தாவிட்டாலும், அந்தந்த வயதுக்கு எவ்வளவு எதிர்பார்க்கப்படுகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள உதவும்.

கேள்வி கேட்டவர்: திருமங்கலம் வாசகி

அக்காவுக்கும் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. இன்று காலை யோசேப்பின் வரலாற்றைத் தொடங்கிவிட்டோம். இரவு நெடுங்கதைக்கான நேரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தமிழ் நூல் வாசிப்பதென்று கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மகனுக்கு இன்னும் எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்துகள் குறைவு என்பதால் அதில் தொடங்குவது எளிது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவனுக்கு எந்த மொழியில் முதலில் வாசிப்பைத் தொடங்குவது?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், செல்லூர்

தமிழிலேயே தொடங்குங்கள் அம்மா. 247 என்ற எண்ணைப் பார்த்துப் பலரும் அஞ்சுகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதமுள்ள 216 உயிர்மெய்களில் பெரும்பாலானவை கால், கொம்பு, கொக்கி போன்ற சில குறிகளின் சேர்க்கைதான். உகர ஊகார வரிசைகள் மட்டும் சற்றுக் கூடுதல் பழக்கம் கேட்கும். எழுத்தைப் பார்த்தால் ஒலிக்கும் முறை ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்துவிடும் என்பதால், ஆங்கிலத்தைப் போல ஒவ்வொரு சொல்லுக்கும் தனி எழுத்துக்கூட்டலை மனத்தில் வைக்க வேண்டியதில்லை. அதோடு, அவன் வாசிக்கப்போகும் அம்மா, ஆடு, மரம், படி எல்லாம் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள். மணலிலோ சிலேட்டிலோ எழுதவைத்து, ஒருநாளைக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் சரளம் வந்த பிறகு ஆங்கில எழுத்துகளைத் தொடங்கலாம். அதுவரை ஆங்கில நூல்களை நீங்கள் வாசிக்க அவன் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.