கோத்தகிரி வீட்டில் ஓதம், பூஞ்சணம்: ஹீட்டர் போட்டும் தீரவில்லை, என்ன செய்யலாம்?

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். எங்களுடையது தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டிய பழைய கல் வீடு. ஐப்பசி மழை பிடித்தால் அம்மாவின் அறையில் ஓதம் தாங்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். பட்டுப்புடவை மடிப்பில்கூட ஏறிவிட்டது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. 2000 வாட் ஹீட்டர் இரவில் ஐந்து மணி நேரம் ஓடுகிறது. கரன்ட் போனால் இரும்புச் சட்டியில் கரி போட்டு உள்ளே வைக்கிறோம். குளிர் வராமலிருக்க ஜன்னல் இடுக்கில் துணி அடைத்திருக்கிறோம். அம்மாவுக்கு வீசிங் வேறு. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா?

அருவங்காடு அக்கா:
தம்பி, மெஷினை அப்புறம் பார்க்கலாம். கரிச்சட்டியை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கித் தணலாகக் கிடக்கும்போதும் வரும். தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் எல்லோரும் உடனே வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதுவும் இதே ஆபத்துதான். கரன்ட் இல்லாத இரவுக்கு அம்மாவுக்கு வெந்நீர்ப் பையும் கம்பளியும் கொடுங்கள்.

வெலிங்டன் மேஸ்திரி:
அக்கா சொன்னதுதான் முதல் வேலை. அடுத்தது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் காசைப் போடாதீர்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் நனைந்தால், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

கண்ணாடியில் வழிகிறது என்றால் இரண்டாவது கட்டாயம் இருக்கும். மூச்சு, சமையல், உள்ளே காயப்போடும் துணி எல்லாமே ஈரம். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தாலே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். ஹீட்டர் அதை வெளியேற்றாது. அணைத்து அறை குளிர்ந்ததும் மறுபடி சுவரில் படியும். உங்கள் ஹீட்டருக்கு இரண்டு மாத பில்லில் 600 யூனிட் போகிறது. ஜன்னல் துணியை எடுங்கள். மேகம் விலகும் நேரம் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
கரிச்சட்டி வெளியே போய்விட்டது, அக்கா. தாள் ஒட்டிப் பார்த்தேன். மேட்டுப் பக்கச் சுவரில் தாளுக்கு உள்ளே முத்து முத்தாக நீர். மற்ற சுவரில் மேல்பக்கம்தான் ஈரம். கடைக்காரர் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்.

வெலிங்டன் மேஸ்திரி:
வேண்டாம். மண்ணிலிருந்து வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்பளித்து உரியும். சுவரை அணைத்துக் கிடக்கும் மண்ணை எடுத்து, வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே கால்வாய் விடுங்கள். கூரைத் தண்ணீரையும் அதில் சேருங்கள். மழைக்காலத்தில் மேட்டில் கை வைக்காதீர்கள், 2009 நவம்பரில் நம் மலை சரிந்ததைப் பார்த்தோமே. கோடையில், ஆள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. அது ஈரத்தை வெளியே விடும்.

அருவங்காடு அக்கா:
பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் பறந்து வீசிங் கூடும். மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். அறை காயும்வரை அம்மா வேறு அறையில் படுக்கட்டும்.