சுங்குடி எடுக்க மதுரையில் எங்கே போவது: கோயில் வீதிச் சிறுகடையா, பல மாடி ஜவுளிக்கடையா?

மாசிவீதி:
சுங்குடி என்பது துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி எடுக்கும் மதுரைப் பருத்திச் சேலை. வெளியூரிலிருந்து அதை எடுக்க வருகிறவர்கள் நேராகப் பல மாடிக் கடைக்குள் நுழைந்து, குளிர்ச்சியாக நான்கு தளம் ஏறி இறங்கி, அச்சடித்த சேலையைச் சுங்குடி என்று வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறார்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் இருக்கின்றன. அந்த வீதிகளிலும், விளக்குத்தூண், பத்துத்தூண் சந்துப் பக்கமும் இருக்கும் ஒற்றைக் கதவுக் கடைகளில்தான் சுங்குடியைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பல கடைகள் சௌராஷ்டிரக் குடும்பங்களுடையவை. முடிச்சுப் போடுகிற வீடும் சாயம் ஏற்றுகிற பட்டறையும் அவர்களுக்கு நேரடிப் பழக்கம். அரக்கில் மயில்கழுத்துக் கரை, ஒன்பது கெஜம் என்று சொல்லி வைத்தால் செய்து தருவார்கள். பெரிய கடையில் தட்டில் இருப்பதுதான் கணக்கு. என் கட்சி சிறுகடைதான். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ரசீது:
மறுக்கிறேன், அண்ணே. மதுரைக்காரருக்கு நீங்கள் சொல்வது சரி. வெளியூர்க்காரருக்கு அது பொறி. சிறுகடைச் சேலையில் விலைச்சீட்டு இருக்காது. ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். கணினி ரசீது கேட்டால் துண்டுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டும் வரும். அச்சுச் சேலையும் அதே தட்டில்தான் இருக்கிறது. கைமுடிச்சா என்று கேட்டால் "எல்லாம் சுங்குடிதாம்மா" என்று பதில். பெரிய கடையில் அச்சை அச்சு விலைக்காவது விற்கிறார்கள். சாயம் போனால் ரசீதோடு திரும்பிப் போகலாம். கோ-ஆப்டெக்ஸ் 1935-லிருந்து இருக்கிறது. விலை எழுதி ஒட்டியிருக்கும், தீபாவளி நேரத்தில் 30 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. பேரம் பேசத் தெரியாதவர் அங்கே போவதில் என்ன தப்பு?

முடிச்சு:
இரண்டு பேருமே கடையைப் பற்றிப் பேசுகிறீர்கள், துணியைப் பற்றிப் பேசவில்லை. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-ல். அப்படியிருந்தும் கடைகளில் சுங்குடி என்ற பெயரில் போவதில் பெரும்பகுதி மெழுகு அச்சு, கட்டை அச்சு, ஸ்கிரீன் அச்சுதான். சிறுகடை, பெரிய கடை இரண்டிலும் இதே நிலைமை.

கைமுடிச்சு எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்ப்போம். துணியை நகநுனியால் துளி கிள்ளித் தூக்கி, அடியில் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார்கள். சாயத்தில் முக்கும்போது நூல் பிடித்த இடத்தில் சாயம் ஏறாது. கிள்ளிய நுனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதில் ஏறிவிடும். ஆகவே அவிழ்த்த பிறகு வெள்ளை வளையமும் அதன் நடுவில் ஊசி குத்தியதுபோல் ஒரு சாயப்புள்ளியும் நிற்கும். வளையம் சுத்த வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரம், கொஞ்சம் கோணல், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஓரம் மங்கிக் கரைந்திருக்கும்.

பலர் சொல்லும் சோதனை, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. அது பாதிதான் உதவும். ஸ்கிரீன் அச்சில் பின்பக்கம் வெளிறியிருக்கும், உடனே தெரியும். மெழுகு துணிக்குள் ஊறிவிடுவதால் மெழுகு அச்சில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அங்கே ஏமாந்துபோவீர்கள். நம்பகமான வழி வேறு. கோணலாக இருக்கும் புள்ளி ஒன்றைத் தேடுங்கள். அதிலிருந்து அதே வரிசையில் ஒரு சாண், இரண்டு சாண் தள்ளிப் போங்கள். அதே கோணல் அதே இடத்தில் திரும்ப வந்தால் அது கட்டையால் போட்ட அச்சு. கை ஒரு கோணலை இரண்டு தடவை போடாது.

துணி மேடும் பள்ளமுமாகச் சுருங்கியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இஸ்திரி போட்ட அசலில் சுருக்கம் போயிருக்கும். நல்ல கடைகளில் முந்தானை ஓரத்தில் கொஞ்சம் முடிச்சை அவிழ்க்காமல் விட்டிருப்பார்கள்; அதைக் கேட்டுப் பாருங்கள்.

ரசீது:
இது உபயோகமான தகவல், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கைத்தறி முத்திரை இருந்தால் போதாதா? 2006-லிருந்து அது இருக்கிறதே. ஒவ்வொருவரும் பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போக முடியாது.

முடிச்சு:
போதாது, சார். கைத்தறி முத்திரை துணி எந்தத் தறியில் நெய்தது என்பதை மட்டும் சொல்கிறது. சுங்குடியின் வேலை நெசவுக்குப் பிறகு நடக்கிறது. கைத்தறித் துணியில் ஸ்கிரீன் அச்சும் போடலாம், விசைத்தறித் துணியில் கைமுடிச்சும் போடலாம். முதல் வகையில் முத்திரை இருக்கும், முடிச்சு இருக்காது.

கண்ணாடி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நெருக்கமாகப் புள்ளி வைத்த சேலையில் முடிச்சு ஆயிரக்கணக்கில் இருக்கும். 10,000 முடிச்சு என்று வைத்து, ஒரு முடிச்சுக்கு வெறும் 10 பைசா கூலி போட்டாலே 1,000 ரூபாய். அதற்கு மேல் துணி, சாயம், கரைச் சரிகை, கடை லாபம். 700 ரூபாய்க்கு உடம்பெல்லாம் கைமுடிச்சு என்று யார் சொன்னாலும் அது நடக்காத காரியம். நடந்திருந்தால் முடிச்சுப் போட்ட பெண்ணின் கூலியைத் தின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மாசிவீதி:
ரசீது தம்பி சொன்ன விலைச்சீட்டுக் குறையை மறுக்கவில்லை. அதற்கு வழி உண்டு. முதல் கடையில் எதையும் எடுக்காதீர்கள். "கைமுடிச்சு ஒன்று, மெழுகு அச்சு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வித்தியாசத்தைத் தானே விளக்குகிற கடைக்காரரிடம் உட்காரலாம். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பவரிடம் எழுந்துவிடலாம். மூன்று கடை ஏறினால் விலையும் பிடிபட்டுவிடும். பல மாடிக் கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. விற்பனைப் பெண் நேற்று நைட்டிப் பிரிவில் நின்றிருப்பார்.

நேரமும் முக்கியம். வாரநாளில் காலை பத்தரை மணிக்குப் போங்கள். கூட்டம் இருக்காது, வாசல் வெளிச்சம் இருக்கும். அரக்கு, கத்திரிப்பூ, கருநீலம் இந்த மூன்றும் கடைவிளக்கில் ஒன்றுபோலவே தெரியும், சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடும்; அந்த நாளில் ஜவுளி வேலையாக அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். கார் என்றால் வடக்கு ஆவணி மூல வீதியின் பல அடுக்கு வாகனக் காப்பகத்தில் விட்டு நடப்பதுதான் சுலபம்.

கையில் அளவு நாடா ஒன்று இருக்கட்டும். ஜாக்கெட் துண்டு இல்லாமல் சேலை 5.5 மீட்டர் இருக்க வேண்டும். பருத்தி முதல் தண்ணியில் 3 சதவீதம் சுருங்கினால் 16 சென்டிமீட்டர் போய்விடும், அதாவது கொசுவத்தில் ஒரு மடிப்பு. 5.2 மீட்டர் சேலையை வாங்கினால் முதல் துவைப்புக்கு அப்புறம்தான் வயிறு எரியும். ஒன்பது கெஜம் என்றால் 8.2 மீட்டர் அளந்து பாருங்கள்.

மொடமொடப்பைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா? அது கஞ்சி. தளர்ந்த நெசவைக் கஞ்சி மறைக்கும். 80-ஆம் நம்பர் நூலா, 100-ஆம் நம்பரா என்று கேளுங்கள். நம்பர் கூடக்கூட நூல் மெலிசு.

சேலைக்காரி:
சாயம் போகும் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே? வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணியில் இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தால் சாயம் நிற்கும். பெரியவர்கள் வழிவழியாகச் செய்வது.

சாயப்பட்டறை:
அக்கா, சுங்குடியை ராத்திரி ஊறவைத்தால் வெள்ளைப் புள்ளியெல்லாம் ரோஸ் ஆகிவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

உப்பின் வேலை சாயத்தொட்டியில். தண்ணியில் கரைந்திருக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுவது உப்பு. பிறகு சோடா சேர்த்தால்தான் ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு பிணையும். அந்தப் பிணைப்பு பட்டறையிலேயே முடிந்துவிட்டது. வீட்டில் போடும் உப்பு புதிதாக எதையும் பிணைக்காது. வினிகரும் அப்படித்தான், பருத்திக்கு அது உதவாது. பழைய நேரடிச் சாயத்தில் (பிணையாமல் நூலில் ஒட்டி மட்டும் நிற்பது) உப்புத்தண்ணி சாயம் வெளியே வருவதைத் தள்ளிப்போடும். அதனால் வாளி தெளிவாகத் தெரியும், சாயம் நின்றுவிட்டது என்று தோன்றும். அடுத்த தடவை வெறும் தண்ணியில் போட்டதும் வந்துவிடும்.

பிணையாத உபரிச் சாயம் எந்தப் புதுச் சேலையிலும் கொஞ்சம் இருக்கும். அது வெளியே வர வேண்டியதுதான். வந்தது திரும்பப் புள்ளியில் ஏறக் கூடாது, அவ்வளவுதான் கவலை. பத்து லிட்டருக்குக் குறையாமல் குளிர்ந்த தண்ணி, சேலை தனியாக, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அலசி, தண்ணி மாற்றி, திரும்ப அலசி. நிறம் வருவது குறையும்வரை மூன்று தண்ணியோ நான்கு தண்ணியோ. பிழிந்து சுருட்டி வாளியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனால் கெட்டது கதை. ஈரமான மடிப்பில் ஒரு பக்கச் சாயம் மறுபக்க வெள்ளையில் ஒட்டும். உடனே விரித்து, நிழலில் காயப்போடுங்கள்.

கடையிலேயே சோதிக்க வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சேலையின் உள்மூலையில் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். லேசான கறை சகஜம். கைக்குட்டை சேலை நிறத்துக்கே மாறினால் பட்டறையில் சரியாக அலசாத சரக்கு. நல்ல கடைக்காரர் தேய்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

ரசீது:
இந்தக் கைக்குட்டைச் சோதனையைப் பல மாடிக் கடையில் செய்ய விடமாட்டார்கள் என்பது உண்மை. இந்த ஒன்றில் சிறுகடைக்கு மதிப்பெண். ஆனால் வீட்டில் போய்ச் சாயம் ஓடினால்? "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சிறுகடைச் சீட்டில் முத்திரை குத்தியிருக்குமே.

கணக்குப்பிள்ளை:
அந்த முத்திரை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீது தராததும் அதே பட்டியலில் வருகிறது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிடித்த நிறம் இல்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறை ஆகாது. அது கடைக்காரர் மனசு.

ஒரு விளக்கம். சிறுகடைச் சீட்டில் ஜிஎஸ்டி வரி தனியாக இல்லை என்றால் உடனே திருட்டு வியாபாரம் என்று எண்ண வேண்டாம். ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வியாபாரி காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டுவது) சேரலாம். சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. மாறாக, சீட்டில் வரித் தொகையைத் தனியாகப் போட்டிருந்து ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஊசிநூல்:
சேலை எடுத்தவர்கள் அன்றே ஜாக்கெட் தைக்க, கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தைத் தேடி வருகிறார்கள். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டிய மண்டபம் அது. தையல்காரர், பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல் கடை எல்லாம் அங்கேதான் இருந்தன. இப்போது அவற்றைப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே போய்க் கேளுங்கள்.

அளவு ஜாக்கெட் ஒன்று கொண்டுபோங்கள், நாடா அளவைவிட அது பத்திரம். அன்றே தைத்து வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. லைனிங் துணியை ஊறவைத்துக் காயவைக்க நேரம் இருக்காது. ஊறாத லைனிங் முதல் துவைப்பில் மேல்துணியைவிட அதிகமாகச் சுருங்கி, அக்குளிலும் முதுகிலும் சுருக்கம் விழும். அவசரம் என்றால் லைனிங் இல்லாமல் டூ பை டூ துணியில் தைத்துக்கொள்ளுங்கள். சேலை அடிக்கரையில் உள்பக்கம் தைக்கும் ஃபால்ஸுக்கும் இதே விதி: நனைத்துக் காயவைத்தபின் தைக்காவிட்டால் சேலை அடிக்கரை இழுத்துக்கொண்டு நிற்கும்.

மாசிவீதி:
புதுமண்டபத்துக் கடைகளை எடுத்தது சரியில்லை என்பது என் எண்ணம். தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடியதுதான் அந்த இடத்தின் உயிர். சத்திரத்துக் கடைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வழியில் போகிறவர் கண்ணில் படுவது வேறு.

முடிச்சு:
இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி மீனாட்சி கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைப்பகுதியில் பிடித்த தீ என்ன செய்தது என்று பார்த்தோம். சூடேறிய கல்தூண் வெடித்துவிழும். அதைத் திரும்பச் செதுக்கக் கல்லும் சிற்பியும் தேட வேண்டும். துணிக்கட்டையும் மின்கம்பியையும் நாயக்கர் காலத் தூணில் சாய்த்து வைப்பது வியாபாரத்துக்கும் நல்லதல்ல. சத்திரத்துக்கு வழிகாட்டிப் பலகை பெரிதாக வையுங்கள் என்று கேட்போம். மண்டபத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம்.

மாசிவீதி:
பலகை விஷயத்தில் சரி. மண்டபத்து விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை.

ரசீது:
நானும் பாதிதான் மாறியிருக்கிறேன். பத்துச் சேலை ஒரே மாதிரி வேண்டும், ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அச்சு போதும் என்பவருக்கு இப்போதும் பெரிய கடையைத்தான் சொல்வேன். கைமுடிச்சுதான் வேண்டும் என்பவர் கோயில் வீதிக்குப் போகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: பணம் கொடுக்கும் முன் ரசீதில் தொகை மட்டும் போதாது, "கைமுடிச்சுச் சுங்குடி, 80-ஆம் நம்பர் பருத்தி, 5.5 மீட்டர்" என்று எழுதி வாங்க வேண்டும். மாசிவீதி அண்ணே, உங்கள் சிறுகடைகள் இதை எழுதித் தருமா?

மாசிவீதி:
தெரிந்து விற்கிறவர் எழுதித் தருவார். பேனாவை எடுக்கத் தயங்கினால் சேலையை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள், பத்தடிதான்.