எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமுக்குப் புது கோச்: மூன்று பேரில் யாரைச் சொல்வது?

பழைய_கோலி:

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியின் பழைய மாணவன் நான். எந்தக் கல்லூரி என்று எழுதவில்லை, இந்தப் பக்கம் பந்து ஆடினவர்கள் இரண்டு பாரா படித்தாலே கண்டுபிடித்துவிடுவீர்கள். மூன்று வருடம் டீமில் கோலி, அதாவது கோல் கீப்பர். இப்போது வயது 46, ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. இடது கை சுண்டுவிரல் அன்றைக்கு மடங்கினது இன்னும் நேராகவில்லை.

எங்கள் மாஸ்டர் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். 22 வருடம். காலை ஐந்தரைக்கு டி.வி.எஸ். 50ல் பந்துப் பையை முன்னால் வைத்துக்கொண்டு வருவார். பிராக்டிஸ் முடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலை, ஆளுக்கொரு வாழைப்பழம், எல்லாம் அவர் கைக்காசு. அவர் இடத்துக்கு ஆள் எடுக்க பிரின்சிபால் நாலு பேர் கமிட்டி போட்டார்: பி.டி. சார், கணக்குத் துறைப் பேராசிரியர் ஒருவர், டீம் கேப்டன், பழைய மாணவர்கள் சார்பில் நான். பதினொரு விண்ணப்பம் வந்தது. மூன்றாகக் குறைத்தோம், இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதல் ஆள், ஆபீஸ் டீமில் கொடிகட்டிப் பறந்தவர், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடினவர். அவர் ஆட்டத்தைப் பார்க்கவே ஸ்கூல் கட் அடித்திருக்கிறேன். கோச்சிங் லைசென்ஸ் எதுவும் இல்லை. இன்டர்வியூவில் நாங்கள் கேட்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வி, "வாரத்துக்கு எத்தனை நாள் வரணும்?"

இரண்டாவது ஆள், மாஸ்டரின் அசிஸ்டன்ட். டி லைசென்ஸ், அதாவது கீழ்ப் படி. பதினைந்து வருடமாக எனக்குப் பழக்கம். எந்தப் பையன் விடியற்காலை மூன்று மணிக்கே காசிமேட்டில் பெட்டி தூக்கிவிட்டு பிராக்டிஸுக்கு வருகிறான், எவன் வீட்டில் அப்பா குடிப்பதற்காக அவன் ஃபுட்பால் பூட்ஸை விற்றுவிட்டார், எல்லாம் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது ஆள் திருச்சிப் பக்கம். 29 வயது, அடுத்த படியான சி லைசென்ஸ், பெரம்பூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். எல்லோரையும் வாங்க போங்க என்பார். பசங்களைப் பார்த்து, "தம்பி, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்றதும் அவன்கள் பின்னால் திரும்பிப் பார்த்தான்கள், யாரைச் சொல்கிறார் என்று.

மனசு இரண்டாவது ஆள் பக்கம்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. எங்கள் டீமில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கத்துப் பசங்க, அந்தப் பக்கத்துப் பசங்க என்று இருக்கிறது. அசிஸ்டன்ட் இந்தப் பக்கம். போன வருடம் 18 பேர் லிஸ்டில் 12 பேர் இந்தப் பக்கம். திறமையால்தான் வந்தார்கள் என்று நானே பல பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

அப்புறம் அந்த செமி ஃபைனல். ஒன்றுக்கு ஒன்று, ஆட்டம் முடியப் பத்து நிமிடம். எங்கள் 11ஆம் நம்பர் இடது ஓரத்தில் எதிரணி டிஃபெண்டரைத் தாண்டிவிட்டான். தூர போஸ்ட்டில் 9ஆம் நம்பர் தன்னந்தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் ஈ காக்காய் இல்லை. உருட்டிவிட்டால் கோல். இவன் கோணமே இல்லாத இடத்திலிருந்து தானே அடித்தான், சைடு நெட். டை பிரேக்கரில் தோற்றோம். டீக்கடையில் அவனிடம் மெதுவாகக் கேட்டேன். க்ளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவன் எனக்கு எப்பவாச்சும் குடுத்திருக்கானாண்ணா?"

9ஆம் நம்பர் அந்தப் பக்கம். அசிஸ்டன்ட்டுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். "பசங்கதானே, சரியாயிடும்" என்றார்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 18,000, பத்து மாதத்துக்கு மட்டும். மே, ஜூன் கிடையாது.

இப்படித் தேர்வு செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள்?

ரிட்டயர்டு_பிடி:

தம்பி, 31 வருடம் ஃபிசிக்கல் டைரக்டராக இருந்தவன் சொல்கிறேன். முதலில் ஒன்றைக் கமிட்டியில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்: டீம் லிஸ்டில் கையெழுத்து யார் போடுவது? பி.டி. நிரந்தர வேலையில் இருப்பவர், கபடி முதல் செஸ் வரை அவர் தலையில். கோச் மதிப்பூதியத்தில் வருபவர். ஆடப் போகும் நாளுக்கான ஓ.டி. (ஆன் டூட்டி) அட்டென்டன்ஸ் பி.டி. கையில், ஆடும் 11 கோச் கையில் என்று எழுத்தில் இல்லாவிட்டால் தீபாவளிக்குள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். என் அனுபவத்தில் கோச் ஓடிப்போனதற்குப் பாதி காரணம் இதுதான், மீதி மே, ஜூன் சம்பளம்.

லைசென்ஸ் பற்றி. அகில இந்திய ஃபெடரேஷன் கொடுப்பது டியிலிருந்து சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறும். டிக்கும் சிக்கும் உள்ள வித்தியாசத்தைத் துச்சமாக நினைக்காதீர்கள், வயதுக்குத் தகுந்தபடி பயிற்சியைத் திட்டம் போட்டு எழுதுகிற பழக்கம் அங்கேதான் கைக்கு வரும். அதற்காக லைசென்ஸே எல்லாம் என்றும் சொல்ல மாட்டேன், ஆனால் வெறும் பெயர் அதற்கு ஈடாகாது. 2018இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் சுபாஷ் பௌமிக் மாதிரி ஒரு ஜாம்பவானை ஹெட் கோச் என்று இல்லாமல் டெக்னிக்கல் டைரக்டர் என்ற பெயரில்தான் கூட்டி வந்தது. பெயர் எவ்வளவு பெரிதானாலும் காகிதம் ஒரு இடத்தில் கேட்கும். இன்னொரு பக்கம் கோச் காலித் ஜமீலைப் பாருங்கள். 2016இல் மும்பை எஃப்.சி. வேண்டாம் என்று அனுப்பிய மனிதர், அடுத்த சீசனிலேயே மிசோரமின் ஐஸ்வால் கிளப்பை ஐ லீக் என்ற தேசிய லீக்கில் சாம்பியன் ஆக்கினார். 2025இல் இந்திய அணிக்கே கோச்.

இன்டர்வியூவை நம்பாதீர்கள். பேசத் தெரிந்தவன் பேசிவிடுவான். மூன்று பேருக்கும் ஆளுக்கு நாற்பது நிமிடம் மைதானத்தைக் கொடுங்கள். அதே பசங்க, அதே பந்து. நீங்கள் பந்தைப் பார்க்காதீர்கள், கோச்சின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். 11க்கும் 9க்கும் உள்ள கதையை யாரிடமும் சொல்லிவைக்கவும் வேண்டாம்.

நார்த்_மெட்ராஸ்_10:

தலைவா, எல்லோரும் முதல் ஆளை ஒரே அடியாக ஒதுக்குகிறீர்கள். எங்க ஏரியாப் பசங்க எதுக்கு காலேஜ் டீமில் ஆடுகிறான்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ பேங்க்கோ கஸ்டம்ஸோ கிடைக்காதா என்றுதான். அந்த மனுஷன் ஒரு போன் போட்டால் டிரையலுக்குக் கூப்பிடுவான். சி லைசென்ஸ் தம்பி போன் போட்டால் யார் எடுப்பான்? சென்னையின் எஃப்.சி. முதல் சீசனுக்கு இத்தாலி வேர்ல்ட் கப் பிளேயர் மாட்டெராட்சியைத்தான் கோச்சாகக் கூட்டி வந்தது. அதுக்கு முன்னாடி கோச்சாக அவர் என்ன கிழித்திருந்தார்? 2015இல் ஐ.எஸ்.எல். கப் வந்ததே.

நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் 2023 டூரண்ட் கப்பில் மோகன் பகானுக்கு அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் அந்த ரெண்டு கொல்கத்தா டீமும் மோதும் டெர்பியை ஜெயித்தது, நாலரை வருஷத்துக்கு அப்புறம். அன்னைக்கு எங்க தெருவே தூங்கலை. அந்த மாதிரி ஒரு பையன் வெளியே தெரியணும்னா தெரிஞ்ச ஆள் கையைப் பிடிச்சுத்தான் போகணும்.

ரைட்_பேக்_செகண்ட்_இயர்:

அண்ணா, நான் வேற காலேஜ், முதல் 11ல இல்லை, அதான் எழுதுறேன். கோச் எப்படின்னு கேப்டன்கிட்ட கேட்காதீங்க, பெஞ்ச்ல உட்கார்றவன்கிட்ட கேளுங்க. எங்க கோச்சுக்கு நாலு மாசம் கழிச்சும் என் பேர் தெரியாது.

இன்னொண்ணு, முட்டி பத்தி மூணு பேர்கிட்டயும் கேளுங்க. ஒருத்தன் முட்டியைப் பிடிச்சுட்டு விழுந்தா அன்னைக்கு என்ன செய்வீங்க, யார்கிட்ட அனுப்புவீங்க, எப்போ திரும்ப இறக்குவீங்கன்னு. 2022 நவம்பர்ல நம்ம ஏரியாவுல ஃபுட்பால் ஆடின தங்கச்சி பிரியா முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்துபோனதை யாரும் மறக்கலை. 17 வயசு. அதுக்கப்புறம் எங்க அம்மா நான் ஒவ்வொரு தடவை பூட் மாட்டும்போதும் வாசல்ல வந்து நிக்கிறாங்க.

பழைய_கோலி:

தாமதத்துக்கு மன்னிக்கவும். பி.டி. சார் சொன்னபடியே செய்தோம். போன ஞாயிறு காலை, 22 பசங்க, மூன்று கோச். யாருக்கும் எந்தக் கதையும் சொல்லவில்லை.

முதல் ஆள் ஆறு மணிக்கு வரவேண்டியவர், ஆறு ஐம்பதுக்கு வந்தார். பசங்க செல்ஃபி எடுத்ததில் பத்து நிமிடம் போச்சு. ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 9ஆம் நம்பரைத் தனியாக அழைத்து, முதுகில் எதிரணி டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது எந்தக் காலில் பந்தை வாங்கி எப்படித் திரும்புவது என்று ஐந்து நிமிடம் காட்டினார். அந்த ஐந்து நிமிடம் வேறு யாராலும் முடியாது. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அப்படித் திரும்புகிறார்! அப்புறம் நாற்காலி கேட்டார்.

இரண்டாவது அசிஸ்டன்ட். மைதானமே சூடாகிவிட்டது. பசங்க அவருக்காக உயிரைக் கொடுத்து ஓடினார்கள். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைக் கேட்டேன். எட்டு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மற்றவர்கள் எல்லாம், "டேய் மஞ்ச பிப்பு". பிப் என்றால் டீம் பிரிக்க சட்டைக்கு மேல் போடுகிற மேலாடை. மஞ்சள் பிப் போட்டவர்களை எண்ணினேன். முக்கால்வாசி அந்தப் பக்கத்துப் பசங்க. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்கு நிச்சயம். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

திருச்சித் தம்பி முதல் 20 நிமிடம் பந்தையே தொடவிடவில்லை. காயம் வராமல் தடுக்கிற ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப், 15 பயிற்சி. ஒருவன் முட்டி போட்டு நிற்க, இன்னொருவன் பின்னால் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, முதுகு வளையாமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். எங்கள் சூரப்புலிகள் எல்லாம் தொப்பு தொப்பென்று விழுந்தார்கள். ஒரே சிரிப்பு. ரைட் பேக் தம்பி, உங்கள் முட்டிக் கேள்வியைக் கேட்டேன். மற்ற இரண்டு பேரும் ஐஸ், பேண்டேஜ் என்றார்கள். இவர் மட்டும், "ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் இறக்க மாட்டேன், பிரின்சிபால் சொன்னாலும்" என்றார். கணக்குப் பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

அதற்கப்புறம் சின்ன கிரவுண்டில் ஆறுக்கு ஆறு. பத்து நிமிடம் விசில் அடிக்காமல் சும்மா நின்றார். பிறகு நிறுத்தி ஒரே ஒரு சட்டம் சொன்னார்: கோல் அடித்தவன் கணக்கில் ஏறாது, கடைசிப் பந்து கொடுத்தவன் கணக்கில்தான் ஏறும். 11ஐயும் 9ஐயும் ஒரே பக்கம் போட்டிருந்தார். 11 முதல் இரண்டு தடவை பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு முழித்தான். மூன்றாவது தடவை வேறு வழியில்லை, 9 மட்டும்தான் காலியாக இருந்தான். கொடுத்தான். கோல். கணக்கு 11ஆம் நம்பர் பெயரில் ஏறியது. "டேய் இது அநியாயம்டா, அடிச்சது நான்!" என்று 9 கத்த, எல்லோரும் சிரிக்க, 11 சட்டையால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டான்.

போகும்போது என்னிடம் வந்து, "அண்ணே, அந்த லெஃப்ட் விங்கும் ஸ்ட்ரைக்கரும் சொந்தக்காரங்களா, இல்ல ஏதாச்சும் சண்டையா?" என்றார்.

நாலு பேரில் மூன்று ஓட்டு அவருக்கு. கேப்டன் மட்டும் அசிஸ்டன்ட்டுக்கு. அவனைக் குறை சொல்ல முடியாது. அசிஸ்டன்ட் அதே பதவியில் தொடர, சம்பளம் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறோம். நார்த் மெட்ராஸ் தலைவா, உங்கள் பேச்சும் வீண் போகவில்லை. முதல் ஆளிடம் மாதம் இரண்டு சனிக்கிழமை வந்து ஸ்ட்ரைக்கர்களைப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறோம், யோசித்துச் சொல்கிறேன் என்றார். 12 மாதமும் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பிரின்சிபால் மேஜையில் இருக்கிறது.

அசிஸ்டன்ட் இரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. நேற்று ராத்திரி அவர் வீட்டுக்கே போனேன். உள்ளே கூப்பிட்டார், டீ கொடுத்தார். "நீங்களுமாண்ணா?" என்று கேட்டார். மஞ்சள் பிப் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போவேன், சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு உதவி. புது கோச் கொடுத்த முதல் லிஸ்டில் பத்து பிப் இருக்கிறது, காலேஜ் பணம் வர மாதம் ஆகும். பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மஞ்சள் மட்டும் வேண்டாம், எங்களிடம் நிறைய இருக்கிறது.